அவையும் அதன் வாயிலும்: ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற வரலாறு

அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வகுத்துள்ளார். பேசுவோன் அவையை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதையே இரண்டும் கூறுகின்றன. அவை, பேச வந்தவனை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பது அதன் மறுபக்க வினா. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தின் சட்டமன்றம் அவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ நூறாண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வரலாறு, சொல்லையே செல்வமாகக் கருதுவோர் அறியத்தக்கது.

ஜார்ஜியா 1733இல் ஆங்கிலேயர் குடியேற்றமாகத் தோன்றியது. சட்டமியற்றும் அதிகாரம் பெற்ற அதன் முதல் அவை 1755இல் சவான்னா நகரில் கூடிற்று. விடுதலைப் போரின்போது 1777இல் இயற்றப்பெற்ற அரசியல் சட்டம் ஓரவையை நிறுவியது. 1789ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அதனைப் பிரதிநிதிகள் அவை, மேலவை என இரண்டாக்கியது. இரண்டும் சேர்ந்ததே பொதுப்பேரவை. இன்று பிரதிநிதிகள் அவையில் 180 உறுப்பினரும் மேலவையில் 56 உறுப்பினரும் உள்ளனர். அனைவரும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்க வேண்டும். ஆண்டுதோறும் சனவரித் திங்களில் அட்லாண்டா நகரில் தொடங்கும் கூட்டத்தொடர் 40 அமர்வு நாட்களுக்கு மேற்படுவதில்லை.

வரவு செலவுத் திட்டம், கல்வி, சாலை, குற்றவியல் சட்டம், தொகுதி எல்லை வரையறை ஆகியன பேரவையின் பொறுப்புகள். ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதால், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஆட்சியைக் கவிழ்க்கும் வழக்கம் அங்கில்லை. ஆயினும், தன் உறுப்பினரின் தகுதியைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் ஒவ்வோர் அவைக்கும் உண்டு. பார்வைக்கு எளிய நடைமுறை விதியாகத் தோன்றும் இவ்வதிகாரத்தில்தான் இவ்வரலாற்றின் முடிச்சு அமைந்துள்ளது.

அவ்வதிகாரத்தின் கதைக்கு முன்னர், பேரவையின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று கருதத்தக்கது. பூர்வகுடியினர் வாழ்ந்துவந்த ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஏக்கர் மேற்கு நிலத்தை, 1795இல் பேரவை நான்கு நிறுவனங்களுக்கு 5 இலட்சம் டாலருக்கு விற்றது. வாக்களித்த உறுப்பினர் பலர் கையூட்டுப் பெற்றவர்கள். மக்களின் சினத்தால் அமைந்த அடுத்த பேரவை 1796இல் அச்சட்டத்தை நீக்கியது. அத்துடன் அமையாது, அந்த ஆவணங்களைத் தலைநகராயிருந்த லூயிவில் நகரில் பலரறியத் தீக்கிரையாக்கியது. கண்ணாடி வழியே கதிரவன் ஒளியைக் குவித்து அத்தீயை மூட்டினர் என்பது செவிவழிச் செய்தி. ஆனால் 1810இல் உச்ச நீதிமன்றம், விற்பனை ஓர் ஒப்பந்தமாகையால் அதனைப் பேரவை பின்னர் நீக்கியது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தான் எழுதியதை ஓர் அவை எரிக்கலாம். எழுதியதன் விளைவிலிருந்து தப்ப இயலாது என்பதே அதன் முதற்பாடம்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1868ஆம் ஆண்டு சூலையில் கூடிய பேரவையில் கறுப்பின மக்களின் பிரதிநிதிகள் முதன்முறையாக அமர்ந்தனர். ‘முதல் முப்பத்துமூவர்’ என வரலாறு அவர்களைக் குறிக்கிறது. இரண்டு திங்களுக்குள் அவர்களை வெளியேற்ற வெள்ளையர் பெரும்பான்மை முனைந்தது. புதிய அரசியல் சட்டம் கறுப்பினத்தவர்க்கு வாக்குரிமையே வழங்கியது, பதவி வகிக்கும் உரிமையை வெளிப்படையாகக் கூறவில்லை என்பது அவர்கள் வாதம். தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது அதன் பொருள்.

1868 செப்டம்பர் 3 அன்று ஹென்றி மெக்நீல் டர்னர் எழுந்தார். சமயப் போதகர், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் கறுப்பினத்தைச் சேர்ந்த முதல் சமய குருவாகப் பணியாற்றியவர். தாம் எவரிடமும் குனிந்து உரிமையை இரக்கப் போவதில்லை என்று தொடங்கினார். தாம் மனிதனா அல்லனா என்பதே அவையின் முன்னுள்ள வினா என்றார். மனிதன் என்றால் மனிதனுக்குரிய உரிமை யாவும் தமக்கு உரியவை என்றார். அவையஞ்சாமைக்கு அதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. எனினும் வாக்கெடுப்பு அவ்வுரையை வென்றது, அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அம்மாதம் 19ஆம் நாள், வெளியேற்றப்பட்டோருள் ஒருவரான பிலிப் ஜாய்னர் உடன்வர, அரசியல் கூட்டத்திற்காகக் கமில்லா என்னும் சிற்றூருக்கு ஊர்வலமாகச் சென்ற கறுப்பின மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. சுமார் பன்னிருவர் மாண்டனர். அவையில் மறுக்கப்பட்ட சொல்லுக்குத் தெருவில் குருதி விலையாயிற்று.

மாநில உச்ச நீதிமன்றம் 1869இல் கறுப்பினத்தவரின் பதவி உரிமையை உறுதிசெய்தது. நாடாளுமன்றத்தின் தலையீட்டால் 1870இல் அவர்கள் மீண்டும் அமர்த்தப்பட்டனர். அவ்வெற்றி நெடுங்காலம் நிலைக்கவில்லை. வாக்குவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வாக்காளரையே விலக்கின. 1907க்குப் பின் 1962இல் லீராய் ஜான்சன் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும்வரை, ஒரு கறுப்பின உறுப்பினரும் பேரவையில் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக எவரையும் வெளியேற்ற வேண்டிய தேவையே எழவில்லை. வாயில் அத்துணை இறுக மூடியிருந்தது.

1965இல் மீண்டும் பலர் தேர்வாயினர். அவர்களுள் ஒருவர் ஜூலியன் பாண்ட். வன்முறையற்ற மாணவர் இயக்கத்தின் செய்தித் தொடர்பாளர், கவிஞருமாவார். லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்து 1964இல் வெளிவந்த கவிதைத் தொகுப்பில் அவருடைய கவிதைகளும் இடம்பெற்றன. வியட்நாம் போரை எதிர்த்து அவ்வியக்கம் 1966 சனவரி 6 அன்று அறிக்கை வெளியிட்டது. அதனை எழுதியவர் பாண்ட் அல்லர். ஆயினும் வினவியபோது அதனை ஏற்பதாகக் கூறினார். சனவரி 10 அன்று, 184க்கு 12 என்னும் வாக்குக் கணக்கில், அவரை உறுப்பினராக ஏற்கப் பிரதிநிதிகள் அவை மறுத்தது. அப்போது அவருக்கு வயது 25. முன்னவரிடம் நிறம் குற்றமாயிற்று. இவரிடம் சொல் குற்றமாயிற்று.

காலியான இடத்திற்கு நடந்த இடைத்தேர்தலில் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்திற்கு உண்மையாயிருப்பேன் என்னும் உறுதிமொழியை அவை கேட்கலாம். அவ்வுறுதிமொழியைக் காட்டி மாற்றுக் கருத்தைத் தடுக்கலாகாது. மக்கள் பிரதிநிதிக்குப் பொதுச் செய்திகளில் கருத்துரைக்கும் பரந்த உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். 1967 சனவரியில் பாண்ட் அவைக்குள் நுழைந்தார். இரு அவைகளிலுமாக இருபது ஆண்டுகள் பணியாற்றினார், 2015இல் மறைந்தார்.

டர்னரும் பாண்டும் ஒரே அவையின் முன் நின்றவர்கள். இருவர்க்கும் இடையே இருந்தது ஏறத்தாழ நூறாண்டு. அவையைத் திருத்தியது அவையின் பெருந்தன்மை அன்று. வெளியேற்றப்பட்டவர் அடங்காமையும், மீண்டும் அவர்க்கே வாக்களித்த மக்களின் பிடிவாதமும், அவைக்கு வெளியே நின்ற நீதியும் ஆகும்.

1978இல், கறுப்பின உறுப்பினர் குழுவின் முயற்சியால், மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் ஜான் ரிடில் என்னும் கலைஞர் படைத்த சிற்பம் ஒன்று நிறுவப்பட்டது. நிறத்தின் காரணமாக வெளியேற்றப்பட்டவர்கள் என்பது அதன் பெயர். 1796இல் தன் பிழைக்குச் சான்றான ஏட்டை எரித்த அவை, அடுத்த நூற்றாண்டில் செய்த பிழைக்குச் சான்றினைத் தன் முற்றத்திலேயே நிறுத்தியிருக்கிறது. உறுப்பினர்கள் கூட்டத்திற்குச் செல்லும்போது அது அங்கே நிற்கிறது. அவையஞ்சாமை பேசுவோர்க்கு அணி; பேச வந்தவர்க்கு அஞ்சாமை அவைக்கு அணி.