மடியில் கிடக்கும் கிதாரும் ஒரு படிவமும்

கையால் செய்கிற மடி கிதார் ஒன்றுக்குச் சொல்லிவைக்க நண்பர் முடிவெடுத்தபோது, ஆர்டர் படிவத்தை நிரப்ப என்னை உட்காரவைத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும், எனக்குக் கேட்க மட்டுந்தான். மல்லாக்க மடியில் கிடத்தி, தந்தியை விரலால் அழுத்தாமல், இரும்புத் துண்டு ஒன்றை மேலே வழுக்கிக்கொண்டு போய் வாசிக்கிற கிதார் இது. அதன் கழுத்தும் உடம்பைப்போலவே உள்ளே வெறும் கூடு. 'மாதிரி' என்ற கட்டத்தில் 'வைசன்பார்ன்' என்றும், 'மரம்' என்ற கட்டத்தில் 'கோஆ' என்றும் எழுதச் சொன்னார். (நம்ம கோவா இல்லை, மரத்தின் பெயரே அதுதான்.) இந்த இரண்டு சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஹெர்மன் வைசன்பார்ன் ஜெர்மனியில் பிறந்து 1902இல் அமெரிக்கா வந்தவர். லாஸ் ஏஞ்சலீஸ் பட்டறையில் நாலு மாதிரிகளில் இக்கிதார்களைச் செய்தார். நாலாவதில் விளிம்பெல்லாம் முறுக்கிய கயிறுபோல மரப்பட்டை ஓடும். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் கழுத்துக் கூடான கிதார்களை அவருக்கு முன்பே நார்வேயில் பிறந்த கிறிஸ் நூட்சன் செய்திருந்தார். அதெல்லாம் கிடக்கட்டும். இந்த வாசிப்பு முறைக்கே காரணமானவராகப் பெரும்பாலோர் ஏற்பது ஜோசப் கெகூகூவை. ஓஆஹு தீவில் லாயியே என்ற ஊரில் 1874இல் பிறந்தவர். தண்டவாளத்தோரம் கிடந்த இரும்பை எடுத்துத் தந்தியில் தேய்த்தார் என்று கதை. 1904இல் தீவைவிட்டுப் போய், அமெரிக்க, ஐரோப்பிய மேடைகளில் வாசித்து, 1932இல் நியூ ஜெர்சியில் செத்துப்போனார். படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.

இந்தியாவிலிருந்து கப்பலில் கடத்தப்பட்டு ஹவாய் வந்த கேப்ரியல் டேவியன்தான் முதல் ஆள் என்றும் ஒரு கதை உண்டு. உடனே கோட்டுவாத்தியத்தைக் காட்டி 'எல்லாம் இங்கிருந்து போனது' என்று சொல்ல எனக்கும் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். இன்னொருத்தன் பெயரை அழித்து அங்கே நம் பெயரை எழுதுகிற வேலைதான் அதுவும்.

மரத்துக்கு வருகிறேன். கோஆ நம்ம வேலமரத்துக்குத் தூரத்து உறவு. இயற்கையாக வளர்வது ஹவாயில் மட்டும். 1793இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவர், அரசர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். கொல்லக்கூடாதென்று அரசர் தடைபோட, மாடுகள் பெருகிக் காட்டை மேய்ந்தன. அவற்றை அடக்க 1830களில், அன்று மெக்சிகோவின் பகுதியாயிருந்த கலிபோர்னியாவிலிருந்து மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு கிதாரும் வந்தது. ஆக, கிதாரைத் தீவுக்குக் கொண்டுவந்த மாடுதான் கோஆக் கன்றுகளையும் தின்றது. பிறகு பண்ணைகளும் வெட்டும் சேர்ந்துகொண்டன. இன்று கோஆ போட்டால் விலை எகிறுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

1893 ஜனவரி 17இல், கரையிறங்கிய அமெரிக்கப் படையின் நிழலில், கரும்பு முதலாளிகளின் ஆட்கள் அரசி லிலியுவோகலானியைக் கவிழ்த்தார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம். 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1915இல் சான் பிரான்சிஸ்கோ பனாமா-பசிபிக் கண்காட்சியில் ஹவாய் அரங்கில் இந்தக் கிதார் ஒலித்தது, ஊரே பித்துப்பிடித்துப்போனது. மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டியவர்களுக்குப் பாட்டு மட்டும் தேவைப்பட்டது. வைசன்பார்னின் பட்டறைக்கு வேலை வந்ததும் இந்தப் பித்தினால்தான். 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆட்சிக் கவிழ்ப்புக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நிலத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் எதுவுமில்லை.

கெகூகூவின் அதே லாயியேயில் வளர்ந்த டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். என் நண்பர் வரைக்கும் இந்தக் கிதார் வந்து சேர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு. 1930களில் மின்கிதார் வந்ததும் மரக்கிதார் பரணுக்குப் போயிற்று. டேவிட் லிண்ட்லி, பிறகு 1994 ஆல்பத்தில் பென் ஹார்ப்பர் என்று சிலர் அதை மறுபடி மடிக்குக் கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். நண்பர் யோசித்துவிட்டு, "கோஆ வேணாம், மாமரம்னு போடு" என்றார். 'மாதிரி' கட்டத்தில் நான் 'ஹவாய்' என்று எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது: வைசன்பார்ன்தானே?

ஆமாம் என்று எழுதினோம்.