போர் மிச்சம் வைத்த டகோட்டா

1947 அக்டோபர் 27ஆம் தேதி காலை தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் பறந்த டகோட்டாக்களில் பீரங்கியும் இல்லை, குண்டும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் வீரர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய். காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடனான இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும் எவரும் வீரர்களின் துணிச்சலைச் சொல்லாமல் விடுவதில்லை. அது நியாயம்தான். பாரமுல்லா அருகே உயிர்விட்ட ராய்க்கு மறைவுக்குப் பின் மகா வீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஆனால் துணிச்சலை ஏற்றிக்கொண்டு போக வாகனம் வேண்டுமே! சுதந்திரம் அடைந்து இரண்டரை மாதம்கூட முடியாத நாட்டில், அப்போதுதான் இரண்டாகப் பிரிக்கப்பட்ட விமானப்படையிடம், ஒரு படையையே தூக்கிச்செல்லும் அளவுக்கு விமானங்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் உபரி என்று ஒதுக்கப்பட்டு, மலிவாகக் கைமாறிய சரக்கு விமானங்கள்தான் அவை. ஸ்ரீநகரைக் காத்தவற்றின் பட்டியலில் அந்த உபரிக்கு உரிய இடத்தை நாம் இதுவரை கொடுக்கவில்லை என்பதே இந்த வாரத்து வாதம்.

டகோட்டா போருக்காகப் பிறந்த விமானம் அல்ல. அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் பயணிகளுக்காகச் செய்த டிசி-3, 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. போர் வந்ததும் அகலமான சரக்குக் கதவும் பலமான தரைத்தளமும் வைத்து அதைச் சி-47 ஆக்கினார்கள். டகோட்டா என்பது பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு இட்ட பெயர். தலா 1200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள், சுமார் 28 வீரர்கள் அல்லது ஏறக்குறைய இரண்டே முக்கால் டன் சரக்கு. வேகத்திலோ உயரத்திலோ பெருமைப்பட அதனிடம் எதுவும் இல்லை. புல்வெளியிலும் செம்மண்ணிலும் இறங்கி ஏறும், கெட்டுப்போனால் சாதாரணப் பட்டறையிலேயே சரிசெய்யலாம் என்ற இரண்டும்தான் அதன் பலம். போர்க்காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். 1944இல் இம்பாலை ஜப்பானியர் சுற்றி வளைத்தபோது ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காம் ராணுவத்துக்கு அரிசியும் தோட்டாவும் வந்தது வானத்து வழியாகத்தான். அரக்கானில் இருந்த ஐந்தாவது இந்திய டிவிஷனையே விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.

போர் முடிந்ததும் இவ்வளவு விமானங்களையும் அமெரிக்கா திருப்பி எடுத்துப்போகவில்லை. போரின்போது அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்துப் பழகிய பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையே, பிறகு உபரி டகோட்டாக்களைப் பயணிகள் விமானங்களாக மாற்றித் தந்தது. டாட்டாவின் ஏர் இந்தியா, ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ், பிர்லாவின் பாரத் ஏர்வேஸ், பிஜு பட்நாயக்கின் கலிங்கா என்று கம்பெனிகள் பெருகின. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அதே 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் சேவையாக ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது ‘சீதா தேவி’ என்ற டகோட்டா. இந்தியாவில் இருக்கும் பயணிகளுக்கு இத்தனை கம்பெனிகள் தாங்காது என்று ஜே.ஆர்.டி. டாட்டா எச்சரித்தார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. பல கம்பெனிகள் நஷ்டத்தில் தள்ளாடின. 1953இல் விமான நிறுவனங்களை அரசு கையகப்படுத்தி, உள்நாட்டுச் சேவைக்கு இந்தியன் ஏர்லைன்ஸையும் வெளிநாட்டுச் சேவைக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனலையும் அமைத்தது. ஆனால் வியாபாரத்தில் வீண் என்று பட்ட அந்த அதிகப்படி விமானங்கள்தான், 1947 அக்டோபரில் அரசு கூப்பிட்டதும் விமானப்படையின் 12ஆம் ஸ்குவாட்ரனோடு சேர்ந்துகொண்டன. படை, தனியார் இரண்டும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திரட்டப்பட்டதாக, அன்று சமஸ்தானங்கள் துறைச் செயலாளராக இருந்த வி.பி. மேனன் பதிவுசெய்திருக்கிறார்.

விமானம் இல்லாவிட்டால் என்ன, சாலையில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். தேனி மாவட்டத்து வீரபாண்டிக்காரருக்கு இதற்குப் பதில் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற ஆண்டிபட்டிக் கணவாய், குமுளி, போடிமெட்டு என்று விரல்விட்டு எண்ணும் வழிகள்தான். ஒன்றில் மண் சரிந்தாலே பள்ளத்தாக்கின் வியாபாரம் தடுமாறும். காஷ்மீரின் நிலை இதைவிட மோசம். வருடம் முழுக்கப் போக்குவரத்து நடந்த நல்ல சாலை ராவல்பிண்டியிலிருந்து முசாஃபராபாத், பாரமுல்லா வழியாக வந்தது. அக்டோபர் 22 முதல் காஷ்மீரைத் தாக்கப் பாகிஸ்தான் பக்கமிருந்து பழங்குடிப் படைகள் வந்ததும் அதே சாலையில்தான். இந்தியாவின் பக்கம் மிஞ்சியது ஜம்முவிலிருந்து பனிஹால் கணவாய் ஏறும் மலைப்பாதை ஒன்றே. குளிர்காலத்தில் அதையும் பனி மூடிவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நவம்பர் 7 அன்று ஷாலடெங்கில் ஊடுருவியவர்களை முறியடித்ததில் பெரும்பங்கு ஏழாவது லைட் கேவல்ரியின் கவச வண்டிகளுக்கு. அவை பனிஹால் வழியாகத் தரையில்தான் வந்தன. உண்மை. ஆனால் அவை ஸ்ரீநகரை எட்டியது நவம்பர் முதல் வாரத்தில். அதுவரை விமான நிலையம் யார் கையில் இருந்திருக்கும் என்பதே கேள்வி. பாரமுல்லாவில் கொள்ளையடித்துத் தாமதித்ததால்தான் எதிரிகள் தோற்றார்கள் என்போரும் உண்டு. அந்தத் தாமதம் கொடுத்தது சில நாட்கள் மட்டுமே. சில நாட்களை ஒரு படையாக மாற்றக்கூடியது அன்று டகோட்டா ஒன்றுதான்.

அதற்காக விமானத்துக்குத் தெய்வசக்தி கற்பிக்கவும் கூடாது. 1942-43 குளிர்காலத்தில் ஸ்டாலின்கிராடில் சிக்கிய தன் படைக்கு யுங்கர்ஸ்-52 சரக்கு விமானங்களில் உணவு அனுப்பிப் பார்த்தது ஜெர்மனி. வானம் சோவியத் கைக்கு மாறிக்கொண்டிருந்தது, விமானங்களும் போதவில்லை, முயற்சி தோற்றது. காஷ்மீரில் எதிரிக்கு வானில் பலமில்லை. ஆகவே சரக்கு விமானம் வெல்ல இரண்டு நிபந்தனைகள்: வானம் நம்முடையதாக இருக்க வேண்டும், எண்ணிக்கை போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தியதால்தான் ஸ்ரீநகருக்குப் பிறகும் அது தொடர்ந்தது. முற்றுகையில் கிடந்த பூஞ்ச் நகரில் அகதிகளும் வீரர்களும் சேர்ந்து அமைத்த சின்ன ஓடுபாதையில் ஏர் கமடோர் மெஹர் சிங் இறங்கிக் காட்டினார். 1948 மே 24 அன்று ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு, பத்தாயிரம் அடிக்கும் மேலே இருக்கும் லே நகரில் டகோட்டாவை இறக்கியவரும் அவரே.

அப்படியானால் ஊதாரித்தனமாக விமானக் கம்பெனிகளுக்கு உரிமம் வழங்கியது தீர்க்கதரிசனமா? இல்லவே இல்லை. காஷ்மீரை நினைத்து யாரும் அந்த உரிமங்களைக் கொடுக்கவில்லை, அது தற்செயல். ஆனால் தற்செயலாக வாய்த்ததிலும் பாடம் உண்டு. லாப நஷ்டக் கணக்கில் அதிகப்படி என்று தோன்றுவது, நெருக்கடியில் நாட்டின் சேமிப்பாகிறது. அந்தச் சேமிப்பு தற்செயலாகவே வாய்க்கட்டும் என்று விடுவதா, செலவைத் தெரிந்தே ஏற்று வைத்துக்கொள்வதா என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தன் வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானிக்கிறது. 1962 சீனப் போரில் அந்தத் தீர்மானத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது அடுத்த வாரம்.