கிளட்ச் மிதி மறைந்த கதை

1985 செப்டம்பர் 14 அன்று மலேசியாவின் பினாங்குப் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் பிரதமர் மகாதீர் ஓட்டிச் சென்றது, ஜூலையில்தான் அறிமுகமான புரோட்டோன் சாகா. மிட்சுபிஷி லான்சரை ஒட்டி உருவான அந்தக் காரில் கியர் மாற்ற அன்று கையும் காலும் சேர்ந்து உழைக்க வேண்டும்.

ஆனால் பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குக் கியரில்லாப் பயணம் புதிதல்ல. 1920களின் நடுவிலிருந்து 1961 வரை இங்கே ஓடிய டிராலி பஸ்களுக்குக் கியர்பெட்டியே தேவைப்படவில்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே வலுவாக இழுக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த வரம் இல்லை.

அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல், 1940 மாடல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியர்பெட்டியைக் கொண்டுவந்தது. எஞ்சினின் விசை எண்ணெய் வழியே கடந்தது. நான்கு கியர்களும் தாமாகவே மாறின. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனமோ 1958-இல் துணிந்து வேறு பாதையில் இறங்கியது. ஹப் வான் டோர்னே வடிவமைத்த வேரியோமேட்டிக்கில் கியர் படிகளே கிடையாது. அகலம் மாறும் கப்பிகளுக்கிடையே ரப்பர் பெல்ட் ஓடியது. பிறகு எஃகு பெல்ட் வந்தது. சிவிடி எனப்படும் இன்றைய படியில்லாக் கியர்பெட்டிக்கு மூலம் வேரியோமேட்டிக்தான். இந்தத் துறையின் மிக அழகான யோசனையும் இதுவே.

அந்தச் சிவிடி, பெல்ஜியத்தின் பஞ்ச் பவர்ட்ரெயின் மூலம் 2011-இல் சாகா எஃப்எல்எக்ஸுக்கு வந்து சேர்ந்தது. 2021-இல் பெரோடுவா நிறுவனத்தின் அத்திவா கார், பெல்ட்டுடன் பற்சக்கரங்களையும் இணைத்த டி-சிவிடியை ஏற்றது.

ஆட்டோ கார் மட்டும் ஓட்டுவோருக்கு மலேசியாவில் இன்று டிஏ என்ற தனி உரிமமே இருக்கிறது.