பக்கத்து ஊர்க்காரர் ப. சிங்காரம்

கொட்டாம்பட்டியில் இறங்கி, சிங்கம்புணரி பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர்கள் நம்மில் நிறையப் பேர். சேவுகப்பெருமாள் கோவில் வைகாசித் திருவிழாவுக்கும், கயிறு வாங்கவும், பெண் பார்க்கவும் போய் வந்திருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். அந்த ஊரில் பிறந்த ஒருவர், தமிழில் வந்த மிகச் சிறந்த நாவல்களில் ஒன்றை எழுதினார் என்ற விவரம் எனக்குத் தெரிய வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவரும் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

அவர் ப. சிங்காரம். எழுதியது இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. அந்த இரண்டும் எப்படி எழுதப்பட்டன, மூன்றாவது ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

சிங்காரம் பிறந்தது 1920-ஆம் வருஷம். சிங்கம்புணரி அப்போது இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. கொஞ்ச காலம் மதுரையில் படித்துவிட்டு, 1938-இல், பதினெட்டு வயதில் கப்பலேறினார். போன இடம் சுமத்ராவில் உள்ள மேடான் நகரம். டச்சுக்காரர்கள் ஆண்ட காலம். அங்கே நம் பக்கத்து ஆள் ஒருவரின் வட்டிக்கடையில் வேலை.

இது அந்தக் காலத்தில் அதிசயமான செய்தியே இல்லை. செட்டிநாட்டிலிருந்தும் அதை ஒட்டிய ஊர்களிலிருந்தும் பர்மா, மலேயா, சுமத்ரா என்று ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. அங்கிருந்து கடலைத் தாண்டினால் மேடான். கடையில் முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று படிப்படியாக உயர வேண்டும். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். நம் வீடுகளிலும் 'அக்கரைக்குப் போன தாத்தா' என்று ஒருவர் இருந்திருப்பார். அவர் கொண்டுவந்த பீங்கான் கோப்பையும் தகரப் பெட்டியும் இருந்தன. அவர் அங்கே என்ன பார்த்தார், என்ன பாடுபட்டார் என்பது மட்டும் அவரோடு போய்விட்டது. எழுதி வைத்த ஒருவர் சிங்காரம்.

மேடானில் அவருக்கு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, படிப்பு. கடை வேலை போக மிஞ்சிய நேரத்தில் நூலகத்தில் ஆங்கில நாவல்களைப் படித்தார். அவரை மிகவும் பாதித்தவர் ஹெமிங்வே. யுத்தத்துக்குப் போன ஒரு சிப்பாயின் கதையான 'ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' அவருக்குப் பிடித்த நாவல். இரண்டாவது, அந்த யுத்தமே அவர் இருந்த தெருவுக்கு வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை வட சுமத்ராவில் இறங்கியது. டச்சு ஆட்சி சில நாட்களில் கலைந்தது. கப்பல் இல்லை, தபால் இல்லை. ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்களோ என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, கணக்கு எழுதிய பையன்களும் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் துப்பாக்கி எடுத்தார்கள்.

சிங்காரத்துக்குச் சொந்த வாழ்க்கையிலும் பெரிய அடி விழுந்தது. அங்கே இருந்த காலத்தில் மணமாகி, மனைவியும் குழந்தையும் பிரசவத்தில் இறந்துபோனார்கள். பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1946-இல் ஊர் திரும்பினார். 1947-இல் மதுரை தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்தார். 1987 வரை, நாற்பது வருஷம் அதே பத்திரிகை. தங்கியது ஒய்.எம்.சி.ஏ. விடுதியில். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் தனிக்கட்டையாக அங்கேயே இருந்தார்.

அவருடைய எழுத்து வாழ்க்கை என்பது அந்த விடுதி வாசம்தான். இலக்கியக் கூட்டம், சங்கம், சிஷ்யர்கள் எதுவும் கிடையாது. வேலைக்குப் போவார், வருவார், படிப்பார். 1950-இல் 'கடலுக்கு அப்பால்' எழுதினார். வட்டிக்கடைப் பையன் செல்லையா முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். ஆனால் துப்பாக்கி பிடித்த கை இனிக் கணக்குப் பேரேடு பிடிக்காது என்று முதலாளி நினைக்கிறார். நம் பக்கத்து வியாபாரக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த முதலாளியைப் பார்த்த மாதிரியே இருக்கும். அந்த நாவல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்று, 1959-இல்தான் புத்தகமானது. ஒன்பது வருஷம்.

'புயலிலே ஒரு தோணி' 1962-இல் எழுதி முடித்தது. ஊர் திரும்பிப் பதினாறு வருஷம் ஆகியும், மேடான் தெருக்கள் அவர் மனதில் கலையாமல் இருந்திருக்கின்றன. ஜப்பான் படை நகருக்குள் வருவது, கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டி எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தது, பினாங்குக்குப் போகும் தொங்கான் நடுக்கடலில் புயலில் சிக்குவது எல்லாவற்றையும் நேற்றுப் பார்த்ததுபோல் சொல்கிறார். கதாநாயகன் பாண்டியன் அங்கே இருந்துகொண்டு சின்னமங்கலத்தையும் மதுரையையும் நினைக்கிறான். அந்தச் சின்னமங்கலத்துச் சந்தையைப் படித்தபோது எனக்குச் சிங்கம்புணரி வாடை அடித்தது. நடுநடுவே, பழம்பெருமை பேசிப் பேசியே காலம் தள்ளும் நம் குணத்தைக் கிண்டல் செய்யும் பேச்சுகள் வரும். 1962-இல் அதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

அந்த நாவலைப் புத்தகமாகப் போட ஆள் கிடைக்கவில்லை. பத்து வருஷம் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. 1972-இல் கலைஞன் பதிப்பகம் வெளியிட்டது. வந்த பிறகும் பெரிய பேச்சு இல்லை. சிறுபத்திரிகை படிக்கிற சிலர் கைமாற்றிப் படித்ததோடு சரி. பல வருஷம் கழித்துத் தமிழினி பதிப்பகம் இரண்டு நாவல்களையும் சேர்த்துப் போட்டபோதுதான் இளைய தலைமுறை வாங்கிப் படித்தது. அதற்குள் சிங்காரம் போய்விட்டார். 1997 டிசம்பர் 30.

எழுதாமல் போனதற்குச் சோம்பல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றுக்கு ஒன்பது வருஷம், இன்னொன்றுக்குப் பத்து வருஷம் என்று காத்திருந்த மனிதர், மூன்றாவதற்குப் பேனாவை எடுக்க என்ன தெம்பு இருந்திருக்கும்? நாமெல்லாம் ஒரு பென்ஷன் பேப்பர் ஆறு மாதம் தாமதமானால் படும் பாட்டை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் என் மனதைவிட்டுப் போகவில்லை. பாண்டியன் அந்நிய மண்ணில் சாகிறான், ஊர் வந்து சேரவில்லை. அவனை எழுதியவர் ஊர் வந்து சேர்ந்தார். ஆனால் வந்து, வீடு வாசல் இல்லாமல், ஒரு விடுதி அறையில் அரை நூற்றாண்டு இருந்தார். இருவரில் யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்று என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

அவர் கணக்கை நேர் செய்துவிட்டுத்தான் போனார். சிக்கனமாக இருந்து சேர்த்த சில லட்சம் ரூபாயை, ஏழை மாணவர்களின் படிப்புக்கென்று நாடார் மகாஜன சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

எண்பதுகளில் நான் மதுரையில் வேலை பார்த்தேன். தினமும் டீக்கடையில் தந்தி படிப்பேன். ஒய்.எம்.சி.ஏ. பக்கமாக எத்தனையோ மாலைகள் நடந்திருக்கிறேன். எதிரே வந்த வயதானவர்களில் ஒருவர் அவராக இருந்திருக்கலாம். 'ஐயா, நானும் கொட்டாம்பட்டிதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பு போய்விட்டது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அக்கரைக்குப் போன தாத்தாவின் கடிதமோ, கணக்குப் புத்தகமோ, பழைய பாஸ்போர்ட்டோ பரணில் கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவரைப் பற்றிக் கேட்டது நினைவிருந்தால், ஒரு நோட்டில் நாலு பக்கம் எழுதி வையுங்கள். 'புயலிலே ஒரு தோணி' புத்தகத்தையும் வாங்கிப் படியுங்கள். முதல் ஐம்பது பக்கம் மலாய்ச் சொற்களால் கொஞ்சம் தடுக்கும். பொறுத்துக்கொண்டு மேலே போங்கள். நடுக்கடலில் நம் ஊர்ப் பேச்சு கேட்கும்.