முறுக்கு அச்சும் ஜொகூர்க் காட்டுப் பாலும்



முறுக்கு பிழியும்போது துளையின் அளவே மாவின் அளவு என்று எண்ணுகிறோம். உருகிய நெகிழியோ அச்சின் துளையை விட்டு வெளிவந்ததும் பருத்துவிடும்.

நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய கதையை நான் அறிவேன். அதற்கு முந்திய காட்டுப்பாலின் கதையைப் பின்னரே அறிந்தேன். கெத்தா பெர்ச்சா எனும் அப்பாலின் வணிகத்தை ஜொகூரில் 1840களில் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தம் கைக்குள் வைத்திருந்தார். அது வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். அதனை அச்சின்வழி அழுத்திச் செப்புக்கம்பிக்கு உறையிடும் பொறியை 1847இல் வெர்னர் சீமென்ஸ் உருவாக்கினார். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி கெத்தா பெர்ச்சா உறையோடு சென்றது. பால்மரத்தைக் கீறினால் போதும். இம்மரத்தையோ வெட்டிச் சாய்த்தே பாலெடுத்தனர். காடுகள் வெறுமையாயின.

பருக்கும் இயல்பை 1893இல் எழுதி வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் கார்ல் பாரஸ். கப்பல் பலகைகளின் இடுக்கடைக்கும் கடற்பசையில் அதனைக் கண்டார். கெத்தா பெர்ச்சாவைப் போன்றே நெகிழியும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அவை குறுகிய துளையில் இழுபட்டு நீளும்; வெளிவந்ததும் மீண்டும் சுருளும். நீளம் குறையப் பருமன் கூடும். ஆதலால் குழாய் செய்வோர் இப்பருமனையும் கணக்கிட்டே அச்சினை அமைக்கின்றனர்.

அழுத்தம் நீங்கினால் நெகிழி தன் பழைய நிலையை நாடுகிறது. வெட்டுண்ட மரம் அவ்வாறு மீள்வதில்லை. மாணவர்க்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வோம்.