பாய்வுப் படம் பிறந்த வரலாறு



பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் நுழையலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த ஒழுங்கு. எதனை முதலில் சொல்வது, எவ்வினாவை எப்போது கேட்பது, மாணவர் தவறாக விடை கூறினால் எவ்விடத்துக்குத் திரும்புவது என்பனவெல்லாம் ஏட்டில் இருத்தல் வேண்டும். தலைமையாசிரியர் அதனைப் பார்த்து ஒப்பமிடுவார். பணிக்காலம் முழுதும் இவ்வொழுங்கைப் போற்றிய நான், ஒரே ஒருமுறை கணிப்பொறியின் முன் அதனை மறந்தேன். அதனால் வந்த துன்பம் ஒரு சிறுமியைச் சேர்ந்தது. அதனை இறுதியில் சொல்வேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். நிரல் எழுதுமுன், செய்ய வேண்டியவற்றை முடிவுள்ள படிகளாக வகுத்துக்கொள்வது நெறிமுறை. அப்படிகளைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரைந்தால் பாய்வுப் படம். எளிய சொற்களில் எழுதினால் போலிக் குறிமுறை. இவை மனிதர் படிப்பதற்காக ஏற்பட்டவை. இவற்றின் வரலாறும் அதனையே உணர்த்துகின்றது.

ஆங்கிலத்தில் நெறிமுறையைக் குறிக்கும் அல்காரிதம் என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயர் இலத்தீனில் திரிந்ததனால் பிறந்தது. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூலே அப்பெயரை ஐரோப்பாவில் பரப்பியது.

1843இல் இங்கிலாந்தில் ஏடா லவ்லேஸ் என்னும் அம்மையார், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் பொறி ஒன்றைப் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். பெர்னூலி எண்கள் என்பவற்றை அப்பொறி எவ்வாறு கணக்கிடும் என்பதை, வரிசை எண்ணிட்ட படிகளாக ஓர் அட்டவணையில் காட்டினார். அதன் 4ஆம் படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியுள்ளன. பொறியோ கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆகவே அப்பிழையைக் கண்டது இயந்திரமன்று. ஒவ்வொரு படியாகத் தொடர்ந்து சென்ற மனிதரே கண்டனர். திட்டம் தாளில் இருந்தமையால் அன்றோ அது இயன்றது!

படமாக வரையும் வழக்கமோ தொழிற்சாலையிலிருந்து வந்தது. கொத்துவேலையில் தொழில் தொடங்கிய பிராங்க் கில்பிரத்தும் அவர்தம் மனைவி லில்லியனும், வேலையின் ஒவ்வொரு செயலையும் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின்முன் எடுத்துரைத்தனர். வீண் உழைப்பைக் கண்ணால் கண்டு நீக்குவதே அவர்கள் நோக்கம்.

1946இல் பிலடெல்பியாவில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. புதிய கணக்கு ஒன்றினை அதற்குத் தருவதாயின் கம்பிகளை மாற்றிச் செருகி, விசைகளைத் திருப்பி அமைத்தல் வேண்டும். அதற்குச் சில நாட்களும் ஆகும். அடுத்து, கட்டளைகளையே நினைவகத்தில் சேமிக்கும் பொறிகள் திட்டமிடப்பட்டன. அங்கே ஒரு புதுச் சிக்கல் எழுந்தது. தாளில் கட்டளைகள் மேலிருந்து கீழாக வரிசையாய் நிற்கும். பொறியோ ஓரிடத்தில் கிளை பிரியும், மற்றோரிடத்தில் பின்னே திரும்பிச் செய்ததையே மீண்டும் செய்யும். இவ்வழியை மனத்தில் எவ்வாறு பிடித்து வைப்பது? பிரின்ஸ்டனில் பணியாற்றிய ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும் 1947இல் வெளியிட்ட அறிக்கையில் அவ்வழியைப் படமாகவே வரைந்து காட்டினர். நிரலாக்கத்தில் பாய்வுப் படம் வேரூன்றியது இவ்வாறே.

பின்னாளில் நிரல்கள் பெருகின. படங்களும் பல தாள்களுக்கு நீண்டன. நிரலை எழுதி முடித்தபின் கடமைக்காகப் படம் வரைவோரும் உண்டு என்பதை பிரெட் புரூக்ஸ் 1975இல் தம் நூலில் சுட்டிக்காட்டினார். பெரிய நிரல்களுக்குப் போலிக் குறிமுறை கைகொடுத்தது. ஆயினும் கற்கத் தொடங்குவோருக்குப் படம் இன்றும் நல்ல துணையே.

இனி என் பிழைக்கு வருகிறேன். 1990களின் இறுதியில் எங்கள் பள்ளிக்குக் கணிப்பொறி வந்தது. அரையாண்டுத் தேர்வின் தேர்ச்சிப் பட்டியலுக்கு நானே நிரல் எழுதினேன். படமும் வரையவில்லை, எவருக்கும் காட்டவும் இல்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியது. இரண்டு நாள் பள்ளிக்கு வராதிருந்த ஒரு மாணவி, மூன்றாம் நாள் தந்தையாருடன் வந்து, கணக்கு விடைத்தாளை என் மேசைமீது வைத்தாள்.

“ஐயா, 35 தேர்ச்சி மதிப்பெண்தானே?” என்று கேட்டாள்.

நான் எழுதியிருந்த நிபந்தனை, ‘35ஐ விட மிகுதியாயின் தேர்ச்சி’ என்பது. ‘35 அல்லது அதனினும் மிகுதியாயின்’ என்றிருத்தல் வேண்டும். பட்டியலைத் திருத்தினேன், இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் வீட்டில் அழுது கழித்த இரண்டு நாட்களைத் திருத்த என்னால் இயலவில்லை. பாய்வுப் படத்தில் வினாவுக்கு உரியது சாய்சதுரப் பெட்டி. அதனை வரைந்து உடன் பணிபுரிவோர் ஒருவரிடம் காட்டியிருந்தால், அம்மாணவி கேட்ட வினாவை அவரே கேட்டிருப்பார்.

ஆகவே மாணவர்களே, நிரல் எழுதுமுன் வரையுங்கள். வரைந்ததை 34, 35, 36 என்று எல்லையின் இருபுறமும் எண்களை இட்டு விரலால் தொடர்ந்து பாருங்கள். பின்னர் நண்பர் ஒருவரிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பிழை பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்படும். அறிவிப்புப் பலகையில் ஏறுமுன் அது புலப்படுவதே நன்று.