தறி ஓடிய வேகமும் கூலி ஏறிய வேகமும்

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிறவர்கள் கோவிலோடு திரும்பிவிடாமல் தெருக்களுக்குள் நடந்தால் அந்தச் சத்தம் கேட்கும். விசைத்தறி. பருத்திச் சேலை நெய்யும் ஊர் இது. செயற்கை நுண்ணறிவு வந்தால் சம்பளம் ஏறுமா, இறங்குமா என்று இன்று ஐ.டி.காரர்கள் கேட்கிறோம். அந்தக் கேள்வியை நெசவாளர்கள் நமக்கு முன்பே வாழ்ந்து பார்த்துவிட்டார்கள்.

சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் வாதாடியவர் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி. 1954ல் கனுங்கோ குழு நேர்மாறாகச் சொன்னது: கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்றுங்கள். 1985ல் வந்த சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. சட்டம் ஏட்டில் இருக்க, தறிகள் விசைக்கு மாறிக்கொண்டே போயின.

கைத்தறியில் ஆளுக்கு ஒரு தறி. விசைத்தறியில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்கலாம். உற்பத்தி பல மடங்கு கூடியது. அப்போ கூலியும் அத்தனை மடங்கு கூடியிருக்கணுமே? கூடவில்லை. நூல் கொடுப்பது மாஸ்டர் வீவர், சேலை திரும்பிப் போவதும் அவரிடம்தான். நடுவில் நெய்தவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. சேலை சீக்கிரம் முடிந்தால் ஒரு சேலைக்கான கூலியும் குறைவாகவே நிர்ணயமாகும். 2006ல் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் வந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட், 2016ல் 750, 2023ல் 1000. அது தறி வைத்திருப்பவரின் செலவைக் குறைத்தது. கூலி ஏற வேண்டுமென்றால் தொழிற்சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும், முறிந்தால் தறியை நிறுத்த வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். கார்ட்ரைட் 1785ல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் கணக்குப்படி 1780க்கும் 1840க்கும் இடையில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியது. உண்மைக் கூலி 12 சதவீதம்தான். கூலி உற்பத்தியை எட்டிப்பிடிக்க அதன்பிறகும் காலம் பிடித்தது. காத்திருந்த தலைமுறைக்கு அதனால் என்ன லாபம்?

இப்போது தென்காசிப் பக்கமே மென்பொருள் வந்துவிட்டது. மத்தளம்பாறையில் ஜோஹோ 2011லிருந்து இருக்கிறது. நம் தொழிலில் பத்து நாள் வேலை நாலு நாளில் முடிந்தால், 'நாலு நாளுக்குத்தானே காசு?' என்று வாடிக்கையாளர் கேட்பார். நெசவாளர் கையில் சேலை என்ற கணக்கு இருந்தது, அதை வைத்துப் பேரம் பேச ஒரு சங்கமும் இருந்தது. நமக்கு மாதச் சம்பளம் உண்டு. எதை எண்ணிப் பேசுவது என்றே இன்னும் முடிவு செய்யவில்லை. கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். கூடவே கூலி ஒப்பந்தம் போடவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சங்கரன்கோவில் போனால் சொல்லித்தர ஆள் இருக்கிறது.